ஓலை நுழையும் இடுக்கு

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மாளுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர் திருமலைக்கொழுந்துக்கு அறுபத்து மூன்று. கொழுந்து முன்னாள் என்ஜினியர். அவர் கையெழுத்துப் போட்ட ஒரு மாடிக் கட்டடம் நிலநடுக்கத்தில் விழுந்து பதினோரு பேர் செத்துப் போனார்கள். அதற்கப்புறம்தான் காவி கட்டினார்.

மடத்தில் ஒரு கல்மண்டபம் உண்டு. முந்நூறு வருஷத்துப் பழசு. பன்னிரண்டு தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் இரண்டு உத்தரக் கற்கள் வந்து சந்திக்கும். நடுவே சாந்தும் கிடையாது, காரையும் கிடையாது. கல் மேல் கல், அவ்வளவுதான். தினம் நூறு பேர் அதற்குக் கீழே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ஏணி போட்டு ஏறி, உத்தரங்கள் சந்திக்கிற இடுக்கில் ஒரு பனையோலையை விட்டு எடுப்பது மடத்து வழக்கம். கொழுந்து அதைச் சாங்கியம் என்று நினைத்திருந்தார்.

ஆவணியில் ஒரு நாள் பூமி லேசாக அதிர்ந்தது. அடுக்கி வைத்த தட்டுகள் கலகலத்தன. கொழுந்து அம்மாளிடம் ஓடினார்.

"அம்மா, மண்டபம் விழாதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

இப்படியா பதில் சொல்வார்கள்! மனுஷனுக்குத் தூக்கமே போயிற்று. அந்த வாரம் அம்மாள் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், வடக்கு வரிசைத் தூண்கள் ஆறிலும் இடுக்கு நிறையச் சிமென்ட்.

"இனிமே ஒரு கல்லும் அசையாதும்மா."

அம்மாள் ஏணியில் ஏறி ஓலையை விட்டுப் பார்த்தார். ஓலை மடங்கியது.

"பந்தியைத் தெற்கே போடச் சொல்லுங்க. வடக்கே யாரும் போகாம கயிறு கட்டுங்க. அப்புறம் சிமென்டைக் கொத்தி எடுங்க."

"ஏம்மா?"

"ஓலை நுழையலைன்னா கல்லுக்கு அசைய இடமில்லை. ரெண்டு ஓலை நுழைஞ்சா கல் விலகியிருக்கு. பஸ்ஸுல முழங்காலை விறைச்சுக்கிட்டு நின்னா பிரேக் போடும்போது என்ன ஆகும்?"

"நான் என்ஜினியர்மா."

"தெரியும். அதான் கல்லுல உளி படாமக் கொத்துவீங்க."

கொழுந்து கொத்தினார். ஐந்து தூண்களை முடித்தார். ஆறாவதைத் தொடவில்லை. வயசானதே தவிர வீம்பு போகவில்லை. ஒன்று இருக்கட்டும், யார் சொன்னது சரி என்று பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

"முடிஞ்சுதா?" என்று அம்மாள் கேட்டார்.

"ஒண்ணு பாக்கி."

"அப்ப கயிறும் இருக்கட்டும்."

ஐப்பசியில் மறுபடியும் பூமி ஆடியது. இந்தத் தடவை பலமாக. தெற்கே சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். கல்லோடு கல் உரசி நறநறத்தது, இலையெல்லாம் தூசி. ஜனங்கள் எழுந்து வெளியே ஓடினார்கள். ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பதினோரு தூண்களின் மேல் உத்தரங்கள் ஆடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தன. ஆறாவது தூணில் மட்டும் இரண்டு கல்லும் விலக வழியில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றின் முனை பிளந்துவிட்டது. அம்மிக்கல் அளவுக்கு ஒரு துண்டு கயிற்றுக்கு உள்ளே விழுந்து கிடந்தது. ஆவணிவரை அங்கேதான் பந்தி.

அம்மாள் முதலில் பிளந்த உத்தரத்துக்கு மரத்தால் முட்டுக் கொடுக்கச் சொன்னார். கொழுந்து விழுந்த கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"பதினோரு பேர்மா. அந்தப் பயம்தான் என்னை இப்படிப் பண்ண வச்சுது. வீம்பும் சேர்ந்துக்கிச்சு. வீம்பை இன்னிக்கே விட்டுடறேன். இந்தப் பயத்தை எப்படிம்மா விடறது?"

அம்மாள் ஓலையை அவர் கையில் கொடுத்தார்.

"அதை எதுக்கு விடணும்? ஒரே நாள்ல பயந்து முடிச்சிடலாம்னு பார்த்தீங்க. வருஷா வருஷம் ஏணியில ஏறிப் பயப்படுங்க."