இடம் வலம் மாறிய படம்

"அம்மா, என் எழுத்தைத் திருடுறாங்க," என்றார் மாசிலாமணி.

கிணற்றடியில், எல்லோரும் அம்மா என்றே அழைக்கும் மடத்துத் துறவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வயதில் அவர் மாசிலாமணிக்கு மகளாகலாம். ஆனாலும் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு வரும்போதெல்லாம் மாசிலாமணி தரையில்தான் உட்காருவார். கேட்க வேண்டியதை அம்மாவிடம்தான் கேட்பார்.

"எந்த எழுத்து?"

"காட்டுக் கீரை, கிழங்கு பத்தியெல்லாம் இணையதளத்தில எழுதுறேனே, அது."

பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். அதன் பிறகு மலையில் ஏறி இறங்குவதே வேலையாகிவிட்டது. எதை உண்ணலாம், எதைத் தொடவே கூடாது, எப்படி அடையாளம் காண்பது என்று ஒவ்வொரு செடியாகப் படம் எடுத்து, விளக்கம் எழுதி, தன் தளத்தில் போட்டுவந்தார். ஒரே ஒரு பூவுக்காக அடுத்த பருவம்வரை காத்திருந்ததும் உண்டு.

"யாரோ ஒருத்தன் என் பக்கங்களை அப்படியே தூக்கி அவன் தளத்தில போட்டிருக்கான். படத்துக்குக் கீழே இருந்த என் பேரை வெட்டிட்டான். படத்தையெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பி வெச்சிருக்கான்."

"எதுக்குத் திருப்பணும்?"

"திருட்டுப் படத்தைத் தேடிப்பிடிக்கிற கருவிகள் இருக்கும்மா. திருப்பி வெச்சா அதுங்க ஏமாந்துடும்னு ஒரு கணக்கு. சுத்திலும் விளம்பரம் வேற."

"என்ன செய்யப்போறீங்க?"

"அந்தத் தளத்துக்கு இடம் கொடுத்திருக்கிற நிறுவனத்துக்குப் புகார் அனுப்பலாம். படைப்பு என்னோடதுன்னு காட்டினா எடுத்துடுவாங்க. பாதி எழுதி வெச்சிருக்கேன்."

"மீதி?"

மாசிலாமணி தலை குனிந்தார்.

"எழுத எழுத உள்ளே எரியுதும்மா. என் படம், என் எழுத்து, என் பேர். இத்தனை வருஷம் இங்கே வந்து உட்கார்ந்து இதைத்தான் கத்துக்கிட்டேனான்னு வெட்கமா இருக்கு. போராடுறதா, விட்டுடுறதா?"

அம்மா தேய்த்த சொம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"அதுல உங்களோடது எது?"

மாசிலாமணி யோசித்தார்.

"செடி மலையோடது. பேரெல்லாம் மலையில இருக்கிறவங்க சொன்னது. வெளிச்சம் சூரியனோடது. தமிழ் எனக்கு முன்னாடியே இருந்தது."

சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமே என்னோடது இல்லைம்மா!"

அம்மா அவர் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணி பாதி எழுதிய புகாரை அழித்தார்.

அதோடு நிறுத்தவில்லை. தன் தளத்தில் இருந்த படங்களிலிருந்தும் பெயரை எடுத்தார். அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது என்ற வரியை எடுத்தார். தன்னைப் பற்றிய பக்கத்தை, அதில் இருந்த தொலைபேசி எண்ணோடு சேர்த்து, அடியோடு நீக்கினார்.

மனசு லேசாக இருந்தது.

பழைய சக ஆசிரியர் ஒருவர் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டார்.

"உங்க தளத்தில உங்க பேரையே காணோமே?"

"தேவையில்லைன்னு எடுத்துட்டேன்."

"எனக்கு ஏதாவது சந்தேகம் வந்தா?"

"என் நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே," என்று மாசிலாமணி சிரித்தார்.

முன்பெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு, இந்த இலையைச் சாப்பிடலாமா, அந்தக் காயைத் தொடலாமா என்று கேட்பார்கள். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அந்த அமைதியையும் தனக்குக் கிடைத்த பேறாகவே அவர் எண்ணிக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. மலை பச்சை பிடித்தது.

ஒருநாள் காலை போன் அடித்தது.

"சார், நான் அஞ்சுகம். பிளஸ் டூவில உங்ககிட்டப் படிச்சேன். இப்ப அரசு ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கேன்."

"நல்லா இருக்கியாம்மா?"

அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உங்களுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கேன் சார். அதுல அளவு காட்டுறதுக்காகப் பக்கத்தில ஒரு பேனாக்கத்தி இருக்கு. அது உங்க கத்திதானே? வகுப்புல அதை வெச்சுத்தானே வேரை அறுத்துக் காட்டுவீங்க?"

மாசிலாமணி படத்தைத் திறந்தார். அவருடைய கத்திதான். அதன் பிடியில் செதுக்கியிருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிருந்து இடமாக ஓடின.

கத்திக்குப் பக்கத்தில் இரண்டு கிழங்குகள். ஒன்று காட்டுவள்ளி. மற்றது செங்காந்தள் கொடியின் கிழங்கு, கொடிய விஷம். மண்ணோடு பார்த்தால் பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அதற்காகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம். நல்லதை இடப்பக்கம் வைத்திருந்தார்.

கீழே அவருடைய வாக்கியம் ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தது. 'இடப்பக்கம் இருப்பதைத் தயங்காமல் சமைத்து உண்ணலாம்.'

படம் திரும்பியிருந்தது. எழுத்து திரும்பவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"யார் சாப்பிட்டாங்க?"

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும். டவுன்ல வேலையை விட்டுட்டு, மலையடிவாரத்தில நிலம் வாங்கிக் குடிவந்தவங்க. அந்தப் பொண்ணு பிழைச்சுக்கும். புருஷன் விடியக்காலையில போயிட்டார்."

மாசிலாமணி அந்த வாக்கியத்தை மறுபடி படித்தார். திருடிய பக்கத்தை அன்றைக்கே அவர் பார்த்திருந்தார். பெயர் போனது கண்ணில் பட்டது. படம் திரும்பியிருந்ததும் பட்டது. கீழே இருந்த 'இடப்பக்கம்' என்ற சொல் படவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பெயர் நித்திலா. முப்பது வயதுகூட இருக்காது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க சார்," என்று மட்டும் சொல்லி அஞ்சுகம் அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். அடுத்த வார்டிலிருந்து அழைத்தார்கள். போய்விட்டாள்.

நித்திலா தானாகவே பேசினாள். யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"யார்கிட்டயாவது கேட்டுட்டுச் சாப்பிடலாம்னுதான் குகன் சொன்னார். அதை எழுதினது யாருன்னு தேடினோம். பேர் இல்லை, போன் நம்பர் இல்லை. தேடுறப்போ இன்னொரு தளம் கிடைச்சது. அதே எழுத்து, அதே படம். ஆனா படம் திரும்பி இருந்தது. ஒண்ணுல நல்லதுன்னு இருக்கிறது இன்னொண்ணுல விஷம்."

மாசிலாமணி ஸ்டூலின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"அதுலயாவது பேர் இருக்கான்னு பார்த்தோம். அதுலயும் இல்லை. முதல்ல பார்த்தது பெரிய இடம் மாதிரி இருந்தது. விளம்பரமெல்லாம் வந்தது. ரெண்டாவது ஆள் இல்லாத வீடு மாதிரி வெறிச்சுன்னு இருந்தது. இதுதான் திருடிப் போட்டதுன்னு நினைச்சுக்கிட்டோம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாசிலாமணி எழுந்து வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறாமல் மடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

அன்று அவர் தரையில் உட்காரவில்லை.

"ஒண்ணுமே என்னோடது இல்லைன்னு என்னைச் சொல்ல வெச்சீங்களேம்மா! ஒரு உயிர் போயிடுச்சு."

நடந்ததை நின்றபடியே சொன்னார். அம்மாவும் நின்றபடியே கேட்டார். அவர் முகம் வெளுத்தது.

சொல்லி முடித்து மாசிலாமணி காத்திருந்தார். ஆறுதலோ, அதட்டலோ, ஏதோ ஒன்று.

அம்மா கேட்டார்.

"அந்தப் படம் இப்பவும் அங்கே இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் இங்கே ஏன் வந்தீங்க?"

மாசிலாமணி அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

புகாரை முதலிலிருந்து எழுதினார். எந்தப் பக்கம், எந்தப் படம், தான் அதை எப்போது வெளியிட்டது, எல்லாவற்றையும் எழுதினார். மூலப் படத்தை இணைத்தார். அதில் கத்தியின் எழுத்துகள் நேராக ஓடுகின்றன, திருட்டுப் படத்தில் திரும்பி ஓடுகின்றன என்று சுட்டிக்காட்டினார். இந்தப் படத்தால் ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதினார். அதை எழுதும்போது கண் மறைத்தது.

முடிவில் ஒரு வரி இருந்தது. 'இந்தப் படைப்பின் உரிமையாளர் நானே என்று உறுதி கூறுகிறேன்.' அதன் அருகே ஒரு சிறிய கட்டம். கீழே பெயர் எழுத இடம்.

விரல் அங்கே நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

மாசிலாமணி கட்டத்தைத் தொட்டார். தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். அனுப்பினார்.

இரண்டொரு நாளில் அந்தப் பக்கம் காணாமல் போனது. அதே தளத்தில் இருந்த அவருடைய மற்றப் படங்களும் ஒவ்வொன்றாகப் போயின. அதுவரை அவர் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

தன் தளத்தில் பெயரை மறுபடி போட்டார். எண்ணைப் போட்டார். அனுமதி பெறாமல் எடுக்கக் கூடாது என்ற வரியைப் போட்டார். இந்த முறை அந்த வரிக்குக் கீழே, ஏன் கூடாது என்று குகனுக்கு நேர்ந்ததையும் எழுதினார். இடம், வலம் என்று எழுதியிருந்ததையெல்லாம் நீக்கிவிட்டு, படத்துக்குள்ளேயே, அந்தக் கிழங்கின் மேலேயே, 'விஷம்' என்று சிவப்பில் எழுதினார்.

இதைச் சொல்வதற்காக மடத்துக்குப் போனார்.

அம்மா வெளியே கிளம்பும் கோலத்தில் இருந்தார். தோளில் ஒரு துணிப்பை.

"அந்தப் பொண்ணு இன்னும் ஆஸ்பத்திரியிலதானே இருக்கா?"

மாசிலாமணி பதறினார்.

"அம்மா, அது மட்டும் என்னால முடியாது. என்னன்னு போய் நிக்கிறது?"

அம்மா பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். அவர் பின்னால் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பஸ்ஸில் போன் அடித்தது. தெரியாத எண். யாரோ ஒரு பெண், வேலியோரம் முளைத்திருக்கும் கீரையைப் பற்றிக் கேட்டாள்.

"படம் அனுப்புங்க," என்றார் மாசிலாமணி. "வேர், தண்டு, இலையோட அடிப்பக்கம், எல்லாம் அனுப்புங்க. நான் சொல்றவரைக்கும் யாரும் வாயில வைக்கக் கூடாது."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நித்திலா எழுந்து உட்கார்ந்திருந்தாள். விஷத்தின் வேலை இன்னும் முடியவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து தலையணையில் கிடந்தது. அவள் அதைப் பொறுக்கி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கைகூப்பினார்.

"என் பேர் செண்பகவல்லி," என்றார்.

அந்தப் பெயரை மாசிலாமணி இதற்குமுன் கேட்டதில்லை.

"மலையடிவாரத்து மடத்தில இருக்கேன். வெளியே நிக்கிறாரே, அவர் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டு வந்தார். நான் திருப்பி ஒண்ணு கேட்டேன். அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுப் போறார்னு எனக்கு அப்பவே தெரிஞ்சது. அவர் முகத்தில அவ்வளவு சந்தோஷம். கலைக்க மனசு வரலை. பேசாம இருந்துட்டேன். உங்களுக்கு நடந்ததில எனக்கும் பங்கு இருக்கு."

நித்திலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வந்தீங்களே. டாக்டரோட சார்."

மாசிலாமணி உள்ளே வந்தார்.

"அந்தப் படத்தை எடுத்தது நான். அந்த எழுத்து என்னோடது. வெறிச்சுன்னு இருந்ததுன்னு சொன்னீங்களே, அந்தத் தளமும் என்னோடது. பேரையும் நம்பரையும் நான்தான் எடுத்தேன். என் பேர் மாசிலாமணி."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

நர்ஸ் வந்தாள். பாட்டிலை மாற்றினாள். போனாள்.

யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார். வசவு வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அது வராமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

வெயில் கட்டிலைத் தாண்டிப் போனது.

நித்திலா திரும்பாமலே பேசினாள்.

"அடுத்த வாரம் வீட்டுக்கு விடுறாங்களாம். பின்பக்க வேலி முழுக்க அந்தக் கொடிதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அங்கேதான் மண்ணைத் தோண்டி விளையாடும். வந்து எது எதுன்னு காட்டுவீங்களா?"