இருபது எம்.பி.யா, இருநூறா?

"ஆப் சின்னதா இருக்கணுமா, வேகமா இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க மேடம்" என்று வந்து நின்றார் அருளப்பன்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு மென்பொருள் கற்றுக்கொள்ள வந்தவர். சேலத்து அலுவலகத்தில் அவருக்குக் குருவாக வாய்த்த பூங்கோதைக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அருளப்பன் செய்துகொண்டிருந்தது மலைக்கிராம நர்ஸுகளுக்கான ஆப். மருந்து, அளவு, முதலுதவி எல்லாம் போனுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அங்கே சிக்னல் கிடையாது.

எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் இன்டெக்ஸைச் சேர்த்தால் இருநூறு எம்.பி. எடுத்துவிட்டால் இருபது. நம்ம ஆள் அதைத் தூக்கிக் கடாசிவிட்டார்.

ஆப் என்னவோ கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சொல்லைத் தேடினால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மேய்ந்துவிட்டு வர முக்கால் நிமிடம் ஆனது. மறுநாள் காலை ஆப் மலையேற வேண்டும். மனுஷனுக்கு முழி பிதுங்கியது.

பூங்கோதை எதையும் விளக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 'வலிப்பு' என்று தேடச் சொன்னாள். பதில் வரும்வரை விடக் கூடாதாம்.

பாதியிலேயே அவருக்குக் கண்ணைக் கட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டார். திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இருநூறையே அனுப்பிடலாம்" என்றார், மூச்சு வாங்க.

ஆப்பைச் சோதித்துப் பார்க்கக் கல்வராயன் மலையிலிருந்து நர்ஸ் செவந்தி வந்திருந்தார். பூங்கோதை அவருடைய போனை வாங்கி அருளப்பன் கையில் கொடுத்தாள்.

"ஏத்துங்க."

இடம் போதவில்லை என்றது போன். எதையாவது அழித்தாக வேண்டும். படங்களைத் திறந்தார். மழையில் நனைந்து போய்விடும் என்று ஒவ்வொரு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் படம் பிடித்து வைத்திருந்தார் செவந்தி. அருளப்பனுக்கு ஒன்றைக்கூட அழிக்க மனசு வரவில்லை.

"சின்னதும் ஆகாது, பெரிசும் ஆகாதுன்னா நான் என்னதான் மேடம் பண்றது?"

"என்னை ஏன் சார் கேக்குறீங்க? தேடப்போறது நானா?"

அருளப்பன் செவந்தியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதத்தில் இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. எதையெல்லாம் தேடுவீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

இருமல், சொறி, சத்துமாவெல்லாம் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன், அதற்கென்ன அவசரம் என்றார் செவந்தி.

"வலிப்பு, பாம்புக்கடி, பிரசவத்துல ரத்தப்போக்கு, இதெல்லாம் நின்னுக்கிட்டே தேடுறது சார். கை நடுங்கும்."

"நின்னுக்கிட்டே தேடுறது மொத்தம் எத்தனை இருக்கும் சிஸ்டர்?"

செவந்தி விரல்விட்டு எண்ணினார்.

"பதினேழு."

அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒவ்வொண்ணாச் சொல்லுங்க சிஸ்டர். இந்தப் பதினேழுக்கு மட்டும் இன்டெக்ஸ் போட்டுடறேன்."