கழற்றி வைத்த நான்கு பக்கங்கள்

செண்பகவல்லிக்கு நாற்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்திக்கொண்டே ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டியவள். நாளை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். வழிகாட்டி வேதமாணிக்கம் கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் பேனாவைத் திறக்கவில்லை.

“எழுபத்தொண்ணாம் பக்கத்துக்கு அடுத்து எழுபத்தாறு இருக்கே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எடுத்துட்டேன் சார்.”

“ஏன்?”

“உங்க சூத்திரத்தைச் சோதிச்சுப் பார்த்தேன். நீளமான மின்சார லைனுக்குத் தப்பா வருது.”

அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தச் சூத்திரம்தான். பாடப்புத்தகம் வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது.

“தப்புன்னா எழுத வேண்டியதுதானே?”

“உங்களை நம்பாத மாதிரி ஆயிரும் சார்.”

வேதமாணிக்கம் சிரித்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் மின்துறைப் பொறியாளராக இருந்தவர் அவர்.

“ஒரு மழைக்காலம். கரண்டை நிறுத்தியாச்சு, கம்பத்துல ஏறலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். லைன்மேன் சுடலையாண்டி ஏறல. நீளக் கழியில எர்த் கம்பியை மாட்டி, கரண்டு இருக்கான்னு லைன்ல வச்சுப் பார்க்கப் போனார். எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. என் கையெழுத்துமேல நம்பிக்கை இல்லையான்னு கத்தினேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘நம்பாமலா சார் உங்ககூட வாரேன்? உங்க கையெழுத்துமேல ஒரு சாவு விழுந்துரக் கூடாதுல்லா’ன்னார். கம்பியை வச்சார். டமார்னு தீப்பொறி பறந்துச்சு. மறுபக்கத்துல இருந்தும் அந்த லைனுக்குக் கரண்டு வரும். அதை நிறுத்த மறந்துட்டேன்.”

செண்பகவல்லி நிமிர்ந்தாள். “அவருக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ஆகல. ஏறியிருந்தா அங்கேயே கரிக்கட்டை. நான் ஒரு நன்றிகூடச் சொல்லாம ஜீப்புல ஏறிட்டேன். இன்னைக்கும் அது உறுத்துது.”

“அதுக்கப்புறம்தான் வாத்தியார் வேலைக்கு வந்தீங்களா சார்?”

“ஆமா. யாரு சொன்னாலும் சரிபார்க்கணும்னு நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாமேன்னு வந்தேன்.”

ஆய்வேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் கொண்டாம்மா. கையெழுத்துப் போடுதேன்.”

“உங்க பேரு என்னாகும் சார்?”

“இருபத்தோரு வருஷமா நான் போர்டுல எழுதுனதை எல்லாரும் அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டுப் போனாங்க. நீ ஒருத்திதான் சரிபார்த்திருக்க. நல்லா இரும்மா.”