பத்து ஆம்பியர் ஃபியூஸ்

மோட்டார் வைண்டிங் கடையில் இரவு வேலை முடித்து ரோசலின் விடுதிக்குத் திரும்பியபோது, அவளுடைய பெட்டி வாசலில் கிடந்தது. பக்கத்தில் வார்டன் சுகந்தவல்லி, கையில் ரோசலினின் வெந்நீர் ராடு.

"தினமும் காலையில நீ இதைப் போடுற, மாடி ஃபியூஸ் போயிடுது. கிளம்பு."

ரோசலினுக்குப் போக வேறு இடமில்லை. ராடை வாங்கி, பையிலிருந்த மீட்டரை எடுத்து அதன் முனைகளில் வைத்தாள்.

"ஐம்பத்தெட்டு ஓம் மேடம். இருநூத்து முப்பது வோல்ட்டை இதால வகுத்தா நாலு ஆம்பியர். மாடி லைட்டு, ஃபேன் எல்லாம் சேர்ந்து இன்னொரு நாலு. ஃபியூஸ் பத்து தாங்குமே."

"பெரிய கணக்கு டீச்சர். அப்ப வேற யாருன்னு சொல்லு. ஒரு ரூம் கதவையும் தட்டக் கூடாது. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள சொல்லலைன்னா நடையைக் கட்டு."

"நல்லா குளிச்சிட்டு வாங்க மேடம்."

மாடி ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரை மாடி லைனில் மாட்டினாள். நாலு காட்டியது. பல் தேய்த்துக்கொண்டே பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மாடிக் கோடியில் இருந்த வார்டனின் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நாலு பதினேழாகத் தாவியது.

"பதிமூணு கூடியிருக்கு. இருநூத்து முப்பதால பெருக்கினா மூவாயிரம் வாட். நம்மள்ல யார்கிட்டடீ அவ்வளவு பெரிய ஹீட்டர் இருக்கு?"

யாரும் வாய் திறப்பதற்குள் ஃபியூஸ் போனது.

"வெந்நீர் நின்னுபோச்சு, எவடி ஹீட்டர் போட்டது?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"என் ராடு என் கையில இருக்கு மேடம். உங்க கீசரைத்தான் கேக்கணும்."

ரோசலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குத் தூங்கப் போனாள்.