பெத்லகேமின் மற்ற வீடுகள்

குளத்தங்கரை ஜெப வீட்டில் சந்தியாகு சாமி என்றொரு குருவானவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஊரிலிருந்து சிலர் அவரிடம் வேதம் படிக்க வருவார்கள். அவர்களில் ஒருத்தி சலேத்மேரி. தையல் வேலை செய்பவள். கேள்வி கேட்காமல் ஒரு வசனத்தையும் தாண்டமாட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு அவள் தெருவுக்கு டெங்கு வந்தது. மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். சலேத்மேரியின் மகன் பெலிக்ஸ் திரும்பவில்லை.

பிழைத்த பிள்ளைகளில் ஒருவன் பக்கத்து வீட்டு லூர்தம்மாவின் மகன். அவள் கோயிலில் நன்றிப் பூசை வைத்தாள். ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரையும் நோகடிக்கச் சொன்னதல்ல. ஆனால் அந்த வார்த்தை சுவரைத் தாண்டி சலேத்மேரியின் தையல் மிஷின்வரை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டினார்கள். சலேத்மேரியின் நாத்தனார் வந்து, துக்க வீடு என்பதால் இந்த வருஷம் நட்சத்திரமும் குடிலும் பலகாரமும் கூடாது, அதுதான் நம் வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் இயேசு பாலன் பிறந்த குடிலுக்குக் கடையில் வாங்கிய சொரூபங்களை வைப்பதில்லை. குளத்துக் களிமண்ணை எடுத்துவந்து தாங்களே செய்வார்கள். ஆடுகள் பெலிக்ஸின் பொறுப்பு. அவன் செய்த ஆடுகள் எல்லாம் நாய் மாதிரி இருக்கும். குடில் வேண்டாம் என்றதற்குச் சலேத்மேரி மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் கோயில் பாட்டுக் குழு டிரம் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. அவள் வாசலில் நின்றிருந்தாள். அவள் வீட்டுக்கு நேராக வந்ததும் டிரம் நின்றது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். அடுத்த வீட்டு வாசலில் டிரம் மறுபடி தொடங்கியது. 



கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ஞாயிறு, திருவருகையின் நான்காம் மெழுகுதிரி ஏற்றிய நாள். அன்று ஜெப வீட்டில் வாசிக்கும் முறை சலேத்மேரியுடையது. மரியாளுக்குத் தூதர் தோன்றும் பகுதியை வாசிக்கும்படி சாமி சொல்லியிருந்தார். அவள் எழுந்து நின்று பக்கங்களைப் புரட்டி வேறொரு இடத்தை வாசித்தாள். யோசேப்பின் கனவில் தூதர் வந்து எச்சரித்தது, பாலனோடு எகிப்துக்கு ஓட்டம், ஏரோது ராஜாவின் ஆட்கள் பெத்லகேமின் மற்றக் குழந்தைகளைக் கொன்றது.  வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள்.

"சாமி, தூதர் யோசேப்புக்கு மட்டும் ஏன் சொன்னாரு?"



"பக்கத்து வீட்லயும் பிள்ளை இருந்துச்சு. எதிர் வீட்லயும் இருந்துச்சு. அவ்வளவு தூரம் வந்தவருக்கு இன்னொரு கதவைத் தட்ட முடியலையா?"

முன் வரிசையிலிருந்த ஞானப்பிரகாசம் வாத்தியார் தொண்டையைச் செருமினார். ஆண்டவர் தம் தோட்டத்துக்கு நல்ல பூக்களாகப் பார்த்துத்தான் பறிக்கிறார், அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்றார். சாவு வீட்டிலும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.

சலேத்மேரி அவர் பக்கம் திரும்பினாள். "அடுத்தவ தோட்டத்துல பூப் பறிக்கிறவனுக்கு எங்க தெருவுல வேற பேரு, வாத்தியாரே."

சாமி எழுந்தார். அவளைத்தான் கண்டிக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வாத்தியாரிடம் போய் நின்றார். முகம் சிவந்திருந்தது. இனி எந்தத் தாயிடமும் இந்தப் பேச்சைப் பேச வேண்டாம் என்றார். அப்படியொரு குரலை அவரிடம் யாரும் கேட்டதில்லை. பிறகு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவள் மட்டும் போகவில்லை.

"பதில் சொல்லுங்க, சாமி."

"தெரியாது."

"இவ்வளவு படிச்சிருக்கீங்க."

"நாங்க எல்லாரும் வேகமா வாசிச்சுத் தாண்டிப்போற இடம்மா அது."

அப்படியென்றால் இனி இங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள். சாமி தடுக்கவில்லை. தாழ்வாரத்துக்குப் போய் ஈரச் சாக்கை விலக்கினார். ஜெப வீட்டுக் குடிலுக்காகப் பிசைந்த களிமண் அங்கே இருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒரு ஆளைச் செஞ்சு குடுத்துட்டுப் போ."

"யாரை?"

"பெத்லகேம்ல அந்த எதிர் வீட்டுக்காரியை."

அவள் குனிந்து அந்தக் களிமண்ணைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். களிமண்ணை எடுத்துத் தரையில் ஓங்கி அறைந்தாள். மறுபடி எடுத்து மறுபடி அறைந்தாள். சாமி உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது அவள் இல்லை. தரையில் களிமண் பெண்ணொருத்தி குந்தியிருந்தாள். மடி காலி. இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன. தலை, தோளுக்கு மேலாக வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம் ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது. சாமியின் குடிலில் யாரோ ஒருத்தி பாலனின் தொட்டிலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறாளாம். இடையர்களும் ராஜாக்களும் முழங்காலிட்டிருக்கும் இடத்தில் இது என்ன அவமரியாதை என்று சிலர் கேட்டார்கள். மறைமாவட்ட ஆயருக்குச் சொல்லப் போவதாக வாத்தியார் சொன்னார். அவளை எடுக்க வேண்டுமானால் குடிலையே பிரித்துவிடலாம் என்று சாமி பதில் சொன்னாராம்.  லூர்தம்மா வந்து அந்த மண் பொம்மையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

விஷயம் சலேத்மேரியின் காதுக்கு எட்டியது. வெயில் இறங்குவதற்குள் அவள் வந்துவிட்டாள். வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. நான் செய்து கொடுத்ததை இப்படி எல்லோரும் வேடிக்கை பார்க்க வைப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் அங்கேயே நசுக்கிப் போட்டிருப்பேன் என்றாள்.

சாமி வைக்கோலைச் சரிசெய்துகொண்டிருந்தார். பொம்மை ஓரத்தில் இல்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில், மரியாளின் தோளை ஒட்டி இருந்தது.

"எப்படித் திருப்பி வச்சாலும் அவ முகம் விலகித்தான் இருக்கு," என்றார்.

"அப்படித்தான் இருப்பா. இவ கும்பிட மாட்டா, சாமி."

"தெரியும்."

"பாட மாட்டா. மன்னிக்க மாட்டா. அந்தப் பிள்ளையை ஏறெடுத்துக்கூடப் பார்க்க மாட்டா."

அதுவரை துணியில் சுற்றி வைத்திருந்த பாலன் சொரூபத்தைச் சாமி வெளியே எடுத்தார். அந்த மூடிய கைகளுக்கு அருகில் வைக்கோலில் கிடத்தினார்.

"இத்தனை வாரமா நாம அவருக்காகக் காத்திருந்தோம்," என்றார். "இனி அவர் இவளுக்காகக் காத்திருக்கட்டும்."