சலோமி என்ற விதைப்பூச்சி

அமெரிக்காவில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு மியூசியம். அதன் பூச்சி அறைக்குள் ஞானசெல்வன் நுழைந்தபோது சுகிர்தா மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு ஆய்வு வழிகாட்டி; வயதில் அவனுக்கு இளையவர். ரெண்டு பேருக்கும் ஊர் குமரிப் பக்கம்.

"மேடம், ஒரு சிக்கல்."

"சிக்கல் இல்லாம நீங்க என்னிக்கு வந்தீங்க செல்வன்? சொல்லுங்க."

கையிலிருந்த டப்பாவை மேசையில் வைத்தான். உள்ளே புல்விதையைக் குத்தி உறிஞ்சும் குட்டைச் சிறகுப் பூச்சிகள். மனுஷன் வருஷக்கணக்கில் நாய் படாத பாடு பட்டு, இது யாரும் அறியாத புது இனம் என்று எழுதி முடித்திருந்தான். பேரும் வைத்தாயிற்று, சலோமி என்று. அது அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோல் உரித்தே அவனை ஆளாக்கிய அக்காவின் பேர். அக்கா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். சாவுக்குக்கூட அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. அந்த வலி அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது பார்த்து, குட்டைச் சிறகுத் தாய் ஒன்றின் முட்டையிலிருந்து வந்தவற்றில் ரெண்டுக்கு மட்டும் நீளச் சிறகு. எந்தக் காலத்திலோ யாரோ பேர் வைத்துவிட்ட பழைய இனம், அச்சு அசல் அதேதான். குட்டையும் நெட்டையும் ஒரே இனம், புதுசாவது ஒண்ணாவது!

"அடக் கடவுளே," என்றார் மேடம்.

"ரெண்டே ரெண்டுதான் மேடம். தூக்கிப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது? நான் என்ன செய்யட்டும்?"

மேடம் டப்பாவைத் திறந்தார். செத்துக் கிடந்த நீளச் சிறகுப் பூச்சி ஒன்றை ஊசியில் குத்தி, சின்ன அட்டையையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார். வளர்த்த பூச்சிக்கு ஊர், தேதி, தாய் எது என்று எழுதிச் செருகுவது அந்த அறையின் வழக்கம்.

"எழுதுங்க."

ஊரை எழுதினான். தேதியை எழுதினான். தாய் என்ற இடம் வந்ததும் கை ஓடவில்லை. அங்கே குட்டைச் சிறகு என்று எழுதினால் புது இனம் போச்சு.

"சலிச்சுப் போச்சு மேடம். அக்காவுக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான். இதையும் பிடுங்கறீங்களே!" அழுதே விட்டான்.

மேடம் மறுபடி கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கும் சலிப்புதான் செல்வன். பெறாத உங்களைப் பிள்ளையா வளர்த்தவங்க அவங்க. பெத்த பிள்ளைங்களை மறைச்சாத்தான் புது இனமா நிக்கும்ங்கிற பூச்சிக்கா அவங்க பேரு?"