மாறிப் பால் குடித்த குட்டிகள்

நாவல் மரத்தடியில் சாம்பல் எலிகளும் பழுப்பு எலிகளும் அடுத்தடுத்த வளைகளில் வாழ்ந்தன. ஒருநாள் சாம்பல் எலி மூக்காயியின் கணவன் காலில் முள் ஏறியது. அது தெரியாமலே அந்த எலி பேசிக்கொண்டிருந்தது. காலைப் புரட்டிப் பார்த்தால் வெளிறிய படை. தொழுநோய். அதன் அண்ணனுக்கும் முன்பே வந்திருந்தது.

கரடி பஞ்சாயத்தைக் கூட்டியது.

“இது ரத்தத்தில் வருவது. சாம்பல் கூட்டத்தையே ஆற்றுக்கு அப்பால் துரத்துங்கள்!” என்றது நரி.

ஆற்றுக்கு அப்பால் ஆந்தைப் பாறை. அங்கே போன எலி திரும்பியதில்லை. பேசிய நரியோ அதுவரை ஓர் எலியையும் தொட்டுப் பார்த்ததில்லை, தின்று பார்த்ததுண்டு.

மூக்காயி எழுந்தது. “ரத்தத்தால் வருகிறதா, வளையால் வருகிறதா? யாருக்காவது தெரியுமா?”

எல்லா விலங்குகளும் கரடியைப் பார்த்தன.

“தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?” என்று கரடி கேட்டது.

“இருக்கிறது. குருவம்மாள் மனசு வைக்க வேண்டும்.”

குருவம்மாள் பழுப்பு எலி. இரண்டும் அப்போதுதான் குட்டி போட்டிருந்தன.

“அக்கா, என் குட்டி ஒன்றை நீ வளர். உன் குட்டி ஒன்றை என் வளையில் விடு. யாருக்கு நோய் வருகிறது என்று பார்ப்போம்.”

“ஏண்டி, நீ கேட்பது பருப்பா, பயறா? என் பிள்ளையடி!”

“தெரியும் அக்கா. என் இன்னொரு பிள்ளையும் அந்த வளையில்தான் கிடக்கப் போகிறது.”

குருவம்மாள் தன் குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது: “எங்கள் ஆட்கள் உன் வீட்டில் உண்டு உறங்கியும் ஒருவருக்கும் வரவில்லை. அந்தத் தைரியத்தில் தருகிறேன். இது அழுதால் மட்டும் என்னைக் கூப்பிடு.”

மழைக்காலம் முடியும்வரை கரடி தவணை கொடுத்தது.

மழை விட்டதும் கரடியே ஒரு முள்ளை எடுத்துக்கொண்டு வந்தது. சாம்பல் வளையில் வளர்ந்த பழுப்புக் குட்டியைக் குத்தியது. அது வீறிட்டது. பழுப்பு வளையில் வளர்ந்த சாம்பல் குட்டி கரடியின் விரலையே கடித்தது. தாயோடு கிடந்த சாம்பல் குட்டி மட்டும் முள் குத்தியும் அசையவில்லை. அதன் பாதத்தில் வெளிறிய படை.

மூக்காயி அந்தக் குட்டியை அணைத்தபடி பேசியது. “நோய் ஒரு விதை. எங்கள் உடம்பு அதற்கு இளகிய மண். விதை விழாத இடத்தில் எங்கள் மண்ணிலும் முளைக்கவில்லை. விழுந்த இடத்தில் பழுப்பு மண் முளைக்க விடவில்லை.”

“அப்படியானால் யாரும் ஆற்றைக் கடக்க வேண்டாம்,” என்றது கரடி. “நோய் தீரும்வரை சாம்பல் குட்டிகள் பழுப்பு வளையில் வளரட்டும். மலையில் இதற்கு மருந்துப் பட்டை இருக்கிறது. நானே கொண்டுவருகிறேன்.”

பட்டை முன்பும் அங்கேதான் இருந்தது. துரத்துவது சுலபம் என்பதால் யாரும் மலை ஏறவில்லை. நரி எப்போது நழுவியது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த மழைக்குள், பட்டை மருந்து தின்ற மூக்காயியின் நோய்க் குட்டி ஒரு முள்ளை மிதித்து, வலி தாங்காமல் அழுதது. அந்த அழுகையைக் கேட்டு இரண்டு தாய்களும் சிரித்தன.

நோயாளியைத் துரத்தி எந்தக் காடும் பிழைத்ததில்லை. நோயை அறியத் துணிந்தவர்களால்தான் பிழைத்திருக்கிறது.